135 நிமிடமா, 108 நிமிடமா? – ஒரு திருத்தக் குறிப்பு

சில வருடங்களுக்கு முன் ஜான் கசாவெட்டிஸ் இயக்கிய ‘தி கில்லிங் ஆஃப் எ சைனீஸ் புக்கி’ படத்தைப் பார்த்துவிட்டு என் நோட்டில் நாலு வரி எழுதி வைத்தேன். கதை நல்லா இருக்கு, பென் கஸாரா பிரமாதம், ஆனா கிளப் காட்சிகள் எதுக்குன்னே தெரியலை, அதை இன்னும் வெட்டியிருக்கலாம். இதுதான் சாரம். அந்தக் கடைசி வரியை இப்போது வாபஸ் வாங்குகிறேன். அதற்குக் காரணம் கிரைட்டீரியன் நிறுவனம் 2004-ல் வெளியிட்ட கசாவெட்டிஸ் டிவிடி தொகுப்பு. ஐந்து படங்கள் கொண்ட அந்தப் பெட்டியில் இந்தப் படம் மட்டும் இரண்டு முறை இருக்கிறது. ஒன்று 1976-ல் வெளிவந்த 135 நிமிட வடிவம். இன்னொன்று 1978-ல் மறுபடி வெட்டி வெளியிட்ட 108 நிமிட வடிவம். நான் முதலில் பார்த்தது 108. அப்படி இரண்டு இருப்பதே அப்போது எனக்குத் தெரியாது.

படம் பார்க்காதவர்களுக்காகக் கதைச் சுருக்கம். லாஸ் ஏஞ்சல்ஸில், சன்செட் ஸ்டிரிப்பில், காஸ்மோ விட்டெலி ‘கிரேசி ஹார்ஸ் வெஸ்ட்’ என்ற கிளப் நடத்துகிறான். பெண்கள் ஆடை களைந்து ஆடும் இடம். ஒரு பழைய கடனைக் கட்டி முடித்த சந்தோஷத்தில் போக்கர் ஆடப் போய், 23,000 டாலர் தோற்கிறான். பணம் இல்லையா, அப்ப ஒரு ஆளைக் கொன்னுடு, கடன் தீர்ந்ததுன்னு சொல்றாங்க மாஃபியா ஆட்கள். யாரோ ஒரு சீன பந்தய ஏஜெண்ட் என்கிறார்கள். உண்மையில் அந்தக் கிழவர் எவ்வளவு பெரிய புள்ளி என்று காஸ்மோவுக்குப் பிறகுதான் தெரியவருகிறது.

சரி, வெட்டு விஷயத்துக்கு வருவோம். முதலில் ஒரு கணக்கு. 135-லிருந்து 108 போனால் 27. அதனால் 27 நிமிடம் வெட்டியிருக்கிறார்கள் என்று நினைத்துவிடுவோம். நானும் அப்படித்தான் நினைத்தேன். ஆனால் 1978 வடிவத்தில், முதல் வடிவத்தில் இல்லாத சில துண்டுகள் இருக்கின்றன. சில காட்சிகளின் வரிசையும் மாறியிருக்கிறது. ஆக, எடுத்தது 27 நிமிடத்துக்கு மேல், கொஞ்சம் புதிதாகச் சேர்த்தும் இருக்கிறார்கள். எங்கள் தொழில் பாஷையில் சொன்னால் இது சில வரிகளை அழித்த வேலை இல்லை, திருப்பி எழுதின வேலை.

வெட்டில் அதிகம் அடிபட்டது கிளப் நிகழ்ச்சிகள். மிஸ்டர் சோஃபிஸ்டிகேஷன் என்ற குண்டு மனிதர் தொப்பியும் கோட்டுமாக மேடையேறி, தேய்ந்த குரலில் பாடுவார். நடித்தவர் மீட் ராபர்ட்ஸ், அசலில் திரைக்கதை எழுத்தாளர். நிகழ்ச்சி மகா மட்டம். பாட்டு சுருதி சேராது. பார்க்க வந்தவர்கள் பெண்களைப் பார்க்க வந்தவர்கள், இவரை யாரும் கண்டுகொள்வதில்லை. 135 நிமிட வடிவத்தில் இதெல்லாம் நிறையவே ஓடும். நாமும் நெளிவோம்.

ஆனால் அப்படி நெளிந்துகொண்டு உட்கார்ந்தவனுக்குத்தான் பிறகு வரும் ஒரு காட்சி புரிகிறது. காஸ்மோ கொலை செய்யப் போகிறான். வழியில் கார் மக்கர் பண்ணிவிடுகிறது. தெருவோர போன் பூத்துக்குள் போய் டாக்சிக்குச் சொல்கிறான். அதோடு கிளப்புக்கும் போன் போட்டு, இப்ப மேடையில என்ன ஓடுதுன்னு கேட்கிறான். அந்தப் பக்கம் இருப்பவனுக்குச் சரியாகச் சொல்லத் தெரியவில்லை. காஸ்மோவுக்கு எரிச்சல். இத்தனை வருஷமா அங்கே வேலை பார்க்கிறே, இது கூடத் தெரியாதா என்கிற எரிச்சல்.

108-ல் இதைப் பார்த்தபோது சிரித்தேன். கொலைக்குப் போற நேரத்துல இது என்ன கேள்வின்னு. 135-ல் பார்த்தபோது சிரிப்பு வரவில்லை. ஏனென்றால் இதற்குள் எனக்கே அந்த நிகழ்ச்சிகள் பழகிப்போயிருந்தன. மட்டமான நிகழ்ச்சிதான். ஆனால் அதை யோசித்தவன், நடத்துகிறவன், முதலாளி எல்லாம் அவன். கொலை அவனுக்கு இடையில் வந்த தொல்லை, கிளப்தான் அவன் வேலை. இதை வசனமாகச் சொல்லிவிடலாம். கசாவெட்டிஸ் சொல்லவில்லை, நம்மை உட்காரவைத்துப் பழக்குகிறார். அதற்கு நேரம் வேண்டும். வெட்டில் போனது அந்த நேரம்தான்.

வழக்கமான கதையாக இருந்தால் இங்கே ஒரு வில்லன் வரவேண்டும். ஸ்டூடியோக்காரன் படத்தைக் குதறினான், பிறகு இயக்குநரின் அசல் வடிவம் வெளிவந்தது என்று முடிக்கலாம். இங்கே அது நடக்காது. கசாவெட்டிஸ் பிற படங்களில் நடித்துச் சம்பாதித்த பணத்தைத் தன் படங்களில் போட்டவர். இந்தப் படத்தை வெளியிட்டதும் அவருடைய சொந்த விநியோக நிறுவனம்தான். 1976-ல் படம் படுத்துவிட்டது, சீக்கிரமே தியேட்டரிலிருந்து எடுத்துவிட்டார்கள். இரண்டு வருடம் கழித்து அவரேதான் மறுபடி வெட்டினார். ஆக, இரண்டுமே இயக்குநர் வடிவம். எது ‘உண்மையான’ படம் என்று டிஸ்க்கும் தீர்ப்பு சொல்லவில்லை. இரண்டையும் பக்கத்தில் வைத்துவிட்டு ஒதுங்கிக்கொள்கிறது. அதுதான் சரி என்று நினைக்கிறேன்.

108-க்கும் நியாயம் செய்யணும். அது சுறுசுறுப்பான படம். கடன், மிரட்டல், கொலை, துரத்தல் என்று கோடு தெளிவாகத் தெரியும். கிரைம் படம் பார்க்க உட்கார்கிற நண்பருக்கு அதைத்தான் முதலில் போடுவேன். ஆனால் அதில் முடிவு கொஞ்சம் திடீரென்று வந்தமாதிரி இருந்தது எனக்கு. குண்டடி பட்ட காஸ்மோ மேடையேறிப் பேசுகிறான், வெளியே வந்து கையில் பட்ட ரத்தத்தைப் பார்க்கிறான். அவன் சாவதை நாம் பார்ப்பதில்லை. உள்ளே நிகழ்ச்சி தொடர்கிறது. 108-ல் பார்த்தபோது, ஏன் இவன் ஆஸ்பத்திரிக்குப் போகவில்லை என்று கேட்டுக்கொண்டிருந்தேன். 135-ல் அந்தக் கேள்வி எழவே இல்லை. ஷோ நேரத்தில் அவன் வேறு எங்கே போவான்?

பெட்டியில் கஸாராவின் நேர்காணலும், தயாரிப்பாளர் அல் ரூபனின் நேர்காணலும் இருக்கின்றன. ‘ஃபேசஸ்’ படத்துக்கான 17 நிமிட மாற்றுத் தொடக்கமும் உண்டு. எல்லாம் நல்ல சரக்குதான். ஆனால் எனக்கு இந்த இரண்டு வடிவங்களுக்கே காசு சரியாகிவிட்டது.

ஒரு படத்தைப் பற்றி உறுதியாக ஒன்றைச் சொல்லிவிட்டு, நான் பார்த்தது பாதி ஆதாரம்தான் என்று பிறகு தெரிவது நல்ல அனுபவம் இல்லை. வேலையில் இப்படிச் செய்திருந்தால், எந்த வெர்ஷன்ல டெஸ்ட் பண்ணேன்னு முதல் கேள்வியே வந்திருக்கும். படத்துக்கு அந்தக் கேள்வியை நான் கேட்கவில்லை. இந்தப் படம் எங்காவது கண்ணில் பட்டால், பிளே அழுத்தும் முன் ஓடும் நேரத்தைப் பாருங்கள். 108 என்று இருந்தால் பாருங்கள், ரசியுங்கள். கிளப் காட்சிகள் அதிகம் என்று மட்டும் அவசரப்பட்டு எழுதி வைத்துவிடாதீர்கள்.