தோழியே தலைவியாகுங்கால்: ‘தொராதோரா’ தொடரின் மாந்தர் பற்றி ஒரு நோக்கு

அனிமே எனப்படும் யப்பானியச் சித்திரத் தொடர்களைச் சிறுவர்க்குரிய கேளிக்கையெனத் தள்ளுவோர் ஒருபுறம். அகத்திணையைப் பரீட்சைக்குரிய பாடமெனக் கருதி மறப்போர் மறுபுறம். மதுரங்குளி போன்ற களப்போரச் சிற்றூர்களிலும் இத்தொடர்களைக் கைபேசியில் விரும்பிப் பார்க்கும் இளைஞர் இன்று உளர். அவர்கள் வியக்கும் விசித்திரமான பாத்திரங்களை அகமரபின் துணைகொண்டு விளங்கிக்கொள்ளலாகுமா என ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

யுயுகோ தகெமியாவின் நாவல் வரிசையைத் தழுவி, தாத்சுயுகி நகாயின் இயக்கத்தில் 2008 ஒக்டோபர் முதல் 2009 மார்ச் வரை 25 அங்கங்களாக ஒளிபரப்பாகியது ‘தொராதோரா’. கதைத்தலைவன் ரியூஜி, தந்தை வழி வந்த கண்களால் போக்கிரியெனத் தோற்றமளிப்பவன். உண்மையிலோ சமையலிலும் துப்புரவிலும் பேரார்வம் கொண்டவன். அயல்வீட்டுத் தைகாவோ உருவிற் சிறியவள், சீற்றத்திற் புலி. அவன் தைகாவின் தோழி மினோரியை விரும்புகிறான். அவள் அவனுடைய நண்பன் கிதமுராவை விரும்புகிறாள். ஒருவர் காதலுக்கு மற்றவர் உதவுவதென இருவரும் உடன்படுகின்றனர்.

தைகாவின் சினத்தை ஊடல் எனக் கூறிவிடுதல் எளிது. ஆயின் அது பொருந்தாது. ஊடல், கூடியோரிடையே உரிமையினாற் பிறப்பது. தைகாவின் சினமோ உரிமை ஏதும் இல்லாதவளின் தற்காப்பு. பெற்றோராற் கைவிடப்பட்டுத் தனியே வாழும் அவள், பிறர் விலகுமுன் தானே அவர்களை விலக்குகிறாள்.

இத்தொடரின் உயிர்நாடி வேறிடத்தில் உள்ளது. அகமரபில் தோழி தலைவிக்காகவே பேசுவாள். தலைவனைத் தனக்கென நாடாள். பாங்கனும் அத்தகையவனே. இங்கோ ரியூஜி தைகாவுக்குத் தோழியாகவும், தைகா அவனுக்குப் பாங்கனாகவும் தொழிற்படுகின்றனர். துணை நின்றோரே காதலராகும்போது மரபு வகுத்த எல்லை உடைகிறது. காதற் பதற்றம் அவ்வுடைப்பிலேயே பிறக்கிறது. நத்தார் முன்னிரவில் ரியூஜியை மினோரியிடம் அனுப்பி வைத்த தைகா, அவன் சென்றபின்பே தன் மனத்தை அறிகிறாள். வெறுங்காலுடன் வீதிக்கு ஓடி, அவன் பெயரைக் கூவி அழுகிறாள். அதனைக் கண்ட மினோரி, தன்னுள்ளும் அவன்மீது காதல் இருக்க, அவனை மறுத்துவிடுகிறாள். தோழியின் கடமையும் தலைவியின் விருப்பும் ஒரே நெஞ்சிற் பொருதும் இவ்விடமே தொடரின் உச்சமாகும். எந்நேரமும் சிரித்துக் களிக்கும் மினோரியின் விசித்திரப் போக்கு, தன் மனத்தை மறைக்க அவள் இட்ட திரையென இங்குத் தெளிவாகிறது.

முடிவும் நோக்கற்பாலது. உடன்போக்கிற்குத் துணிந்த இருவரும் அதனைக் கைவிடுகின்றனர். தைகா தன் தாயிடம் சென்று, ஓராண்டின்பின், பாடசாலைக் கல்வி நிறைவுறும் நாளில் மீள்கிறாள். உடன்போக்கில் இருவரும் சேர்ந்து கடக்கும் பாலையை, இவர்கள் தனித்தனியே கடக்கின்றனர்.

குறைகளும் இல்லாமலில்லை. தைகா ரியூஜியை அடிப்பதை நகைச்சுவையாக்கியமை ஏற்புடையதன்று. அதே செயலை ஆண் செய்திருப்பின் நாம் நகையோம்.

அகப்பாடலின் மாந்தர்க்குப் பெயரில்லை. அங்கு நிலைமையே முதன்மை பெறும். இத்தொடரிலோ ஆளுமையே நிலைமையை உருவாக்குகிறது. ஆதலின் அகமரபு இத்தொடரை முற்றாக அளக்கும் கோலன்று. எனினும் அக்கோல் எட்டாத இடத்தைக் காண்பதற்கும் அதனையே முதலிற் கையிலெடுக்க வேண்டியுள்ளது. பழம்பாடலைக் கற்பதன் பயன் பரீட்சையோடு முடிவதில்லை என்பதற்கு இதுவே சான்றெனலாம்.