பெனினை எடுத்து ஆடிப் பாருங்கள்!

யூரோப்பா யூனிவர்சாலிஸ் 4 விளையாட்டில் எந்த நாட்டை எடுக்கலாம் என்று யார் கேட்டாலும் என்னிடம் ஒரே பதில்தான்: பெனின். பிரான்ஸ், ஓட்டோமான், காஸ்டீல் எல்லாம் இருக்கட்டும். வரைபடத்தைத் தெற்கே இழுங்கள். சகாராவைத் தாண்டி, கினி வளைகுடாவின் கரையில், நைஜர் கழிமுகத்துக்கு மேற்கே இருக்கும் அந்தச் சின்ன ராஜ்ஜியத்தில் க்ளிக் செய்யுங்கள். இன்றைய நைஜீரியாவின் எடோ மாநிலத்தில் இருக்கும் பெனின் நகரம்தான் அதன் தலைநகர். (பெனின் குடியரசு வேறு, அது பக்கத்து நாடு.) இத்தனை வருடமாக இந்த விளையாட்டில் மூழ்கிக் கிடக்கிறேன், இவ்வளவு சந்தோஷத்தை எந்தப் பேரரசும் எனக்குக் கொடுத்ததில்லை!

தெரியாதவர்களுக்கு இரண்டு வரி. ஸ்வீடனின் பாரடாக்ஸ் நிறுவனம் 2013இல் வெளியிட்ட விளையாட்டு இது. 1444 நவம்பர் 11இல் உலகம் அன்று எப்படி இருந்ததோ அப்படியே உங்கள் முன் விரியும். அதில் எந்த நாட்டையும் எடுத்துக்கொண்டு 1821 வரை ஆளலாம். போர், வரி, வாணிபம், திருமண உறவு, மதம், கடன் எல்லாம் உங்கள் பொறுப்பு. நாள்கள் தாமாக ஓடும். வேண்டும்போது நிறுத்தி யோசிக்கலாம்.

பெனினில் ஆரம்பித்தால் முதலில் கண்ணில் படுவது வெள்ளை நிறம். உலகின் பெரும்பகுதி கண்டறியப்படாத வெறும் வெள்ளை. ஐரோப்பா தெரியாது, இந்தியா தெரியாது, கடலுக்கு அப்பால் எதுவுமே தெரியாது. வடமேற்கே ஓயோ, வடக்கே நூப்பே, அதற்கும் மேலே கானோ, கத்சினா போன்ற ஹௌசா நகர அரசுகள், இவ்வளவுதான் உங்கள் அக்கம்பக்கம். கஜானாவோ மாதக் கடைசியில் சம்பளக்காரர் பர்ஸ் போல இருக்கும். சமாதான காலத்தில் படைச் செலவு ஸ்லைடரை அடிமட்டத்துக்கு இறக்கி, மாதம் அரை டக்கட் (விளையாட்டின் நாணயம்) மிச்சம் பிடித்து, அது சேர்ந்து ஒரு கோயில் கட்டும் அளவுக்கு வந்ததும் வரும் பூரிப்பு இருக்கிறதே! பிரான்ஸை ஆடும்போது நூறு டக்கட் போனால் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டோம். இங்கே ஒவ்வொரு காசுக்கும் எடை இருக்கிறது. அதனாலேயே ஒவ்வொரு முடிவுக்கும் எடை வருகிறது.

நான் சொக்கிப்போன இடம் மறுமலர்ச்சி. இந்த விளையாட்டில் காலத்தை மாற்றும் பெரிய அலைகள் ஒவ்வொன்றாக எழும்: 1450இல் மறுமலர்ச்சி, 1500இல் குடியேற்றம், 1550இல் அச்சு இயந்திரம் என்று வரிசையாக. ஓர் அலையை ஏற்றுக்கொள்ளாத நாட்டுக்குத் தொழில்நுட்பத்தின் விலை ஆண்டுக்கு ஆண்டு ஏறிக்கொண்டே போகும். மறுமலர்ச்சி இத்தாலியில் பிறக்கிறது. அது மாகாணம் மாகாணமாக நகர்ந்து, பாலைவனத்தைக் கடந்து நம் கரைக்கு வரும் என்று காத்திருந்தால் காலம் போய்விடும். ஆனால் அதை உங்கள் மண்ணிலேயே முளைக்க வைக்க ஒரு வழி இருக்கிறது! நிர்வாகம், ராஜதந்திரம், ராணுவம் என்று மூன்று வகை ஆட்சிப் புள்ளிகள் மாதாமாதம் சேரும். அவற்றை ஒரே மாகாணத்தில் கொட்டி அதன் வரியையும் உற்பத்தியையும் ஆள்பலத்தையும் உயர்த்தினால், ஒவ்வொரு உயர்வுக்கும் அங்கே மறுமலர்ச்சி கொஞ்சம் கொஞ்சமாக வேர்விடும்.

நான் செய்ததும் அதுதான். தொழில்நுட்பத்தை நிறுத்தினேன், புதிய கொள்கைகளைத் தள்ளிப்போட்டேன், புள்ளிகளைப் பூட்டி வைத்தேன். மூன்று வகையும் நிரம்பி வழியும் நிலை வந்ததும் விளையாட்டை நிறுத்திவிட்டு, தலைநகரைத் திறந்து க்ளிக், க்ளிக், க்ளிக். ஒவ்வொரு க்ளிக்குக்கும் விலை ஏறுகிறது, புள்ளிகள் கரைகின்றன, மறுமலர்ச்சிப் பட்டை மெல்ல நகர்கிறது. கடைசிப் புள்ளிகளில் அது நிரம்பியபோது நாற்காலியிலிருந்து துள்ளிக் குதித்தேன். ஃபிளாரன்ஸில் பிறந்ததை எடோ மக்கள் தங்கள் உழைப்பில் தாங்களே வளர்த்துவிட்டார்கள்! வேறு எந்த விளையாட்டில் கிடைக்கும் இது?

அதன் பிறகு படை வலுத்தது. ஓயோ தன் கூட்டாளியை இழந்து நின்ற சமயம் பார்த்துப் பாய்ந்தேன். பிடித்த மண்ணைச் செரித்துக்கொண்டு, அண்டை நாடுகளின் ஆத்திரம் ஆறும்வரை காத்திருந்து, மறுபடியும் ஓரடி. வடக்கே போவதில் அவசரம் காட்டவில்லை. என் கண்ணெல்லாம் தெற்கே, கடல் மீதுதான்.

ஏனென்றால் போர்ச்சுகல் வரும். அந்த வெள்ளைக் கடலுக்குள்ளிருந்து முதல் போர்ச்சுக்கீசியக் கப்பல் தலைகாட்டும் நொடி இருக்கிறதே, உடம்பு சிலிர்க்கும். ஐரோப்பாவில் உட்கார்ந்து ஆடும்போது நாம்தான் அந்தக் கப்பல். இங்கே நாம் கரையில் நிற்கிறோம். வந்தவர் வாணிபத்துக்கா, நிலத்துக்கா என்று தெரியாமல் நிற்கிறோம். நிஜ வரலாறும் இந்த இடத்தில் விளையாட்டை விடச் சுவையானது. 1480களில் போர்ச்சுக்கீசியர் பெனினுக்கு வந்தபோது அங்கே ஏற்கெனவே வலுவான அரசு இருந்தது. 1514இல் ஓபா, அதாவது பெனின் மன்னர், லிஸ்பனுக்குத் தூதரை அனுப்பித் துப்பாக்கியும் பீரங்கியும் கேட்டார். முதலில் கிறிஸ்தவத்துக்கு வாருங்கள், ஆயுதங்களைப் பிறகு பார்க்கலாம் என்ற பொருளில் போர்ச்சுக்கீசிய மன்னர் மானுவேல் பதில் அனுப்பினார். இதைப் படித்த பிறகு, என் மறுமலர்ச்சியை யாரிடமும் கையேந்தாமல் வளர்த்ததில் எனக்கு இரண்டு மடங்கு பெருமை.

என் ஆட்டத்தில் போர்ச்சுகல் போரே தொடுத்தது. அவர்களின் துருப்புகள் என்னுடையவற்றை விடச் சிறந்தவை. திறந்த வெளியில் மோதினால் தாங்க முடியாது. ஆனால் கப்பலிலிருந்து நேரே இறங்கித் தாக்குபவருக்குப் பகடையில் 2 குறையும். காட்டு நிலத்தில் தாக்குபவருக்கு இன்னும் 1 குறையும். 0 முதல் 9 வரை உருளும் பகடையில் 3 என்பது பெரிய தொகை! என் மொத்தப் படையையும் கடலோரக் காட்டு மாகாணத்தில் நிறுத்திவிட்டுக் காத்திருந்தேன். அவர்கள் இறங்கினார்கள். இறங்கிய இடத்திலேயே நொறுங்கினார்கள். மறுபடி வந்தார்கள், மறுபடியும் அதே கதி. கடைசியில் சமாதானம் கேட்டு வந்தது லிஸ்பன்தான்!

இதற்கு மேல் வாணிபம். பாரடாக்ஸின் வாணிப வரைபடத்தில் சரக்கு ஒரே திசையில்தான் ஓடும். ஆசியச் செல்வத்தில் நன்னம்பிக்கை முனையைச் சுற்றிப் போகும் பங்கு முழுவதும் ஐவரி கோஸ்ட் என்ற முனையத்துக்குள் வந்துதான் செவில்லுக்கும் ஆங்கிலக் கால்வாய்க்கும் பிரியும். அந்த முனையம் யாருடைய வாசலில் இருக்கிறது? நம் வாசலில்! கரையோரத்தை மேற்கே வளைத்துப் பிடித்து, இலகு கப்பல்களை வாணிபக் காவலுக்கு அனுப்பினேன். ஐரோப்பியருக்குப் போக வேண்டிய பணம் மாதாமாதம் பெனினில் தங்க ஆரம்பித்தது. அரை டக்கட்டுக்கு ஏங்கிய கஜானா அது!

இதிலும் ஒரு வரலாற்றுக் கணக்கு நேரானது. போர்ச்சுக்கீசியர் பெனினின் உகோட்டன் துறையில் கிடங்கு போட்டு அந்த ஊர் மிளகை வாங்கினார்கள். 1498இல் வாஸ்கோ ட காமா கோழிக்கோட்டுக்கு வந்து மலபார் மிளகுக்கு வழி திறந்ததும், அதற்குப் போட்டியாக இருக்கக் கூடாது என்று பெனின் மிளகு ஓரங்கட்டப்பட்டது. நம் பக்கத்து மிளகு எங்கேயோ இருக்கும் ஓர் அரசின் வருமானத்தை அடித்துக்கொண்டு போயிருக்கிறது. என் ஆட்டத்தில் அதே மலபார்ச் சரக்கு பெனின் கடல் வழியாகப் போய் பெனினுக்கே லாபம் கொடுத்தபோது, அந்தக் கணக்கு நேராகிவிட்டதாகவே உணர்ந்தேன்.

ஓர் ஆட்டம் என்னை எவ்வளவு படிக்க வைத்துவிட்டது! 1444இல் பெனினை ஆண்டவர் ஓபா எவுவாரே; நகரையும் நாட்டையும் விரித்தவர். நகரையும் சுற்றியுள்ள ஊர்களையும் வளைத்த மண்கரைகளையும் அகழிகளையும் கூட்டினால் சுமார் 16,000 கி.மீ. வரும் என்று ஒரு மதிப்பீடு. 16ஆம் நூற்றாண்டில், சுற்றிலும் மனித வியாபாரம் பெருகிய காலத்தில், ஆண் அடிமைகளை வெளியாருக்கு விற்பதைப் பெனின் தடுத்தது. அந்தத் தடை தலைமுறைகளுக்கு நீடித்தது. போர்ச்சுக்கீசியர் விலையாகக் கொடுத்த பித்தளை வளையங்களை உருக்கி எடோ வார்ப்புக் கலைஞர்கள் அரண்மனைக்குத் தகடுகள் செய்தார்கள். அவற்றில் சிலவற்றில் அந்தப் போர்ச்சுக்கீசியரே துப்பாக்கியோடு நிற்கிறார்கள்! 1897இல் பிரிட்டிஷ் படை நகரைப் பிடித்தது. ஓபா ஓவோன்ராம்வென் கலபாருக்கு நாடு கடத்தப்பட்டார். ஆயிரக்கணக்கான கலைப்பொருள்கள் ஐரோப்பா போய்ச் சேர்ந்தன. 2022இல் ஜெர்மனி அவற்றில் சிலவற்றைத் திருப்பிக் கொடுத்தது. ஆட்டத்தில் ஒரு கடலோர மாகாணத்தைக் காக்கும்போது, நான் எதைக் காக்கிறேன் என்பது இப்போது எனக்குத் தெரிகிறது.

அதனால்தான் சொல்கிறேன். வல்லரசை எடுத்தால் ஏற்கெனவே எழுதிய கதையைக் கொஞ்சம் வேகமாக ஓட்டுவீர்கள். பெனினை எடுத்தால், அந்தக் கதை வேறு மாதிரியும் போயிருக்கலாம் என்பதை ஒவ்வொரு டக்கட்டிலும் ஒவ்வொரு பகடையிலும் உணர்வீர்கள். ஆட்டம் கைவந்த பிறகு ஆடலாம் என்று தள்ளிப்போட வேண்டாம். ஆட்டத்தைக் கற்றுக்கொடுப்பதே இந்த நாடுதான். 2021இல் வந்த ஆரிஜின்ஸ் என்ற கூடுதல் தொகுப்பு ஆப்பிரிக்க நாடுகளுக்கென்றே செய்தது. முடிந்தால் அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பெனின் முடிந்ததும் கானோ இருக்கிறது, ஜோலோஃப் இருக்கிறது, சரிந்துகொண்டிருக்கும் மாலி இருக்கிறது. நான் அடுத்து ஜோலோஃப் எடுக்கிறேன். போர்ச்சுக்கீசியக் கப்பல் இன்னும் சீக்கிரமாக வரும் கரை அது. வரட்டும்!