இருட்டுக்குள் நுழையாமலும் சுரங்கத்தைப் படிக்கலாம்

ஆனைமலையிலிருந்து பொள்ளாச்சி தாண்டிக் கிணத்துக்கடவுப் பக்கம் போனால் கல்குவாரிகள் தொடங்கிவிடும். வெட்டி முடித்த குவாரிகள் தண்ணீர் நின்று பாறைக்குழிகளாகக் கிடக்கின்றன. விடுமுறை நாட்களில் அவற்றின் விளிம்பில் இளைஞர்கள் செல்பேசியோடு நிற்கிறார்கள். இன்னும் துணிந்தவர்கள் கூடலூர் மலையேறி, தேவாலா, பந்தலூர்ப் பக்கத்துப் பழைய தங்கச் சுரங்கங்களுக்குள் நுழைந்து படமெடுத்து வருகிறார்கள். அமெரிக்காவின் நெவாடா, மொஹாவி பாலைவனங்களில் நெடுங்காலமாக நடந்துவரும் கைவிட்ட சுரங்கத் தேடல், காணொளிகளின் வழியே நம் பக்கமும் வந்து சேர்ந்திருக்கிறது. இதில் பாராட்ட வேண்டியதும் உண்டு, கண்டிக்க வேண்டியதும் உண்டு. போனவர் கண்டது பதிவாக மாறுகிறதா என்ற கேள்விதான் இரண்டையும் பிரிக்கிறது என்பது என் துணிபு.

முதலில் பாராட்ட வேண்டியதைச் சொல்கிறேன். காங்கேயத்துக்கு அருகே படியூரில் பெரில் எனும் நீலப்பச்சைக் கல் கிடைத்தது. 1820-ஐ ஒட்டிய ஆண்டுகளில் ஹீத் என்ற ஆங்கிலேயர் அங்கே சுரங்கம் நடத்தினார். பிறகு அது தண்ணீர் நிரம்பிக் கைவிடப்பட்டது. இந்தியப் பெரிலைப் பற்றி ரோமானிய அறிஞர் பிளினி முதல் நூற்றாண்டிலேயே எழுதியிருக்கிறார். 1985 முதல் நடந்த கொடுமணல் அகழாய்வுகளில் இத்தகைய கற்களை அறுத்துப் பட்டை தீட்டிய பட்டறைகள் வெளிப்பட்டன. பாலக்காட்டுக் கணவாய் வழியே மேற்குக் கடற்கரைக்குப் போன வணிகத்தின் தடயமாக, பொள்ளாச்சியிலும் வெள்ளலூரிலும் ரோமானிய வெள்ளிக் காசுப் புதையல்கள் கிடைத்தன. காசு அருங்காட்சியகத்துக்குப் போனது, மணி ஆய்வுக்கூடத்துக்குப் போனது. கல் பிறந்த குழியை மட்டும் யாரும் கணக்கில் வைக்கவில்லை. அதைத் தேடிப் போகிறவர் ஒரு நீண்ட வரலாற்றின் முதல் கண்ணியைத் தேடுகிறார். அந்த ஆர்வம் மதிக்கத்தக்கது.

தேவாலாவின் கதை வேறு. 1879-80-இல் ஆஸ்திரேலியாவின் விக்டோரியாவிலிருந்து அழைத்துவரப்பட்ட பிரஃப் ஸ்மித் அந்த மலைகளை ஆராய்ந்து நம்பிக்கையூட்டும் அறிக்கை எழுதினார். லண்டனில் கம்பெனிகள் முளைத்தன, பங்குகள் பறந்தன. அரைத்த கல்லில் எதிர்பார்த்த தங்கம் இல்லை. சில ஆண்டுகளில் கம்பெனிகள் கவிழ்ந்தன. இயந்திரங்களும் குடைவுகளும் மலையிலேயே தங்கிவிட்டன. அந்தக் குடைவு ஒன்றின் வாயில் நின்று பார்த்தாலே நிறையப் புரிந்துகொள்ளலாம். செம்மண் சரிவில் ஓர் ஆள் குனிந்து போகும் உயரத்துக்கு ஒரு துவாரம். தரையில் கணுக்கால் அளவு தண்ணீர். பக்கச் சுவரில் வெள்ளைக் கோடாக ஓடும் வெங்கச்சாங்கல் படிவு. அந்தக் கோடு வளைந்த பக்கமெல்லாம் குடைவும் வளைகிறது. முதலீட்டாளர் லண்டனில் கண்ட கனவைத் தொழிலாளி இங்கே உளியால் துரத்தியிருக்கிறார். காலனியாட்சிக் காலத்து ஊக வணிகம் எப்படி நடந்தது என்பதை அந்தச் சுவரைவிடத் தெளிவாகச் சொல்லும் பாடப்புத்தகம் அரிது.

இத்தகைய அறிவு உயிர் காக்கவும் செய்யும். 1975 டிசம்பர் 27 அன்று, இன்றைய ஜார்க்கண்டில் உள்ள சாஸ்நாலா நிலக்கரிச் சுரங்கத்துக்குள், மேலே தண்ணீர் தேங்கியிருந்த பழைய வெட்டிடங்களிலிருந்து வெள்ளம் உடைத்துக்கொண்டு பாய்ந்தது. 370-க்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். பழைய குடைவு எங்கே முடிகிறது, அதில் எவ்வளவு தண்ணீர் நிற்கிறது என்பதைத் துல்லியமாக அறிந்திருப்பது சுரங்கத் தொழிலில் உயிர்ப் பிரச்சினை. ஆகவே கைவிட்ட சுரங்கத்தை அறிய முனைவதே வீண் வேலை என்போர் வாதம் நிற்காது.

ஆனால் இன்று பெரும்பாலும் நடப்பது அறிய முனைவதன்று, நுழைந்து வருவது. பாலைவனத்தில் எடுத்த காணொளியைப் பார்த்து நம் மலையில் நுழைவது முதல் பிழை. நெவாடாவின் வறட்சியில் முட்டுக்கொடுத்த மரம் நூறாண்டு கழித்தும் ஓரளவு தாங்கும். தென்மேற்குப் பருவமழை மாதக்கணக்கில் கொட்டும் தேவாலாவில் மரம் மக்கிவிடும், மண் ஊறிச் சரியும். தரையில் தேங்கிய கலங்கல் நீருக்கடியில் கீழ்மட்டத்துக்கு இறங்கும் செங்குத்துக் குழி இருந்தால் அடுத்த அடி வைக்கும்வரை தெரியாது. மக்கும் மரமும் காற்றோடு வினைபுரியும் கந்தகத் தாதுக்களும் ஆக்சிஜனைக் குடித்துவிடும். கரியமில வாயு பள்ளத்தில் தங்கும். அதற்கு மணமும் இல்லை, நிறமும் இல்லை. வறண்ட நிலத்திலேயே சாவுகள் தொடர்ந்ததால்தான் அமெரிக்கச் சுரங்கப் பாதுகாப்புத் துறை 1999-இல் 'வெளியே நில், உயிரோடு இரு' என்ற பொருளில் ஓர் இயக்கத்தைத் தொடங்கியது. கைவிட்ட சுரங்கங்களிலும் குவாரிகளிலும் நேரும் சாவுகளுக்கு மூழ்குவதே முதன்மைக் காரணம் என்று அந்தத் துறை சொல்கிறது. நம் பாறைக்குழிகளுக்கு இது அப்படியே பொருந்தும். ஏரிக்கு இருப்பதுபோல அவற்றுக்குச் சரிவான கரை கிடையாது. துளைக்கருவியின் கோடுகள் மேலிருந்து கீழே ஓடும் செங்குத்துப் பாறை நேராக ஆழத்துக்கு இறங்குகிறது. நீச்சல் தெரிந்தவர்கூடக் கைபிடித்து ஏற இடமின்றிக் களைத்துப்போவார்.

இரண்டாவது பிழை, காணொளி போடுகிறவர் தம் பார்வையாளர்களுக்கு வழியையும் காட்டிவிடுவது. தேவாலாவில் தங்கத் துகளுக்காகக் கள்ளத்தனமாகத் தோண்டி மண்சரிந்து இறந்தவர்கள் உண்டு. கோலார் தங்க வயல் 2001 பிப்ரவரி 28 அன்று மூடப்பட்டது. மூடிய சுரங்கத்துக்குள் திருட இறங்கியவர்கள் அங்கே 2020-இல் மாண்டார்கள். இருப்பிடத்தோடு வெளியாகும் ஒரு காணொளி, வறுமையில் இருப்பவனுக்கு ஆசைகாட்டும் வரைபடமாகிவிடும். பழைய குடைவுகளில் வௌவால்கள் குடியிருக்கும். விளக்கும் கூச்சலும் அவற்றைக் கலைக்கும். யானை நடமாடும் காட்டோரத்தில் ஆள் கூட்டம் சேர்வதும் யாருக்கும் நல்லதில்லை.

இவ்வளவையும் சொன்ன பிறகு, பழியை நுழைந்தவர் தலையில் மட்டும் போட்டுவிட்டு நகர்வது நியாயமில்லை. சுரங்கத்தைக் கைவிடும்போது வாயைப் பாதுகாப்பாக அடைத்து வேலியிட வேண்டும் என்று 1961-ஆம் ஆண்டின் உலோகச் சுரங்க விதிகள் சொல்கின்றன. பெருங்கனிமச் சுரங்கங்களுக்கு மூடல் திட்டம் 2003 முதல் கட்டாயம். அதற்குமுன் கைவிட்டவற்றுக்குப் பொறுப்பேற்க ஆளில்லை. குத்தகை முடிந்த குவாரியின் ஆழம் பக்கத்துத் தோட்டத்துக்காரருக்குக்கூடத் தெரிவதில்லை. திருப்பூர்ப் பக்கம் பாறைக்குழிகளில் மாநகரக் குப்பையைக் கொட்டப்போய் ஊர் மக்கள் போராட வேண்டியிருக்கிறது. குழி வெட்டியவர் லாபத்தோடு போய்விட்டார், குழி ஊருக்கு மிஞ்சியது. இதை ஊரறியச் சொல்ல ஒருவர் அங்கே போய்ப் பார்த்துத்தான் ஆகவேண்டும்.

பார்ப்பதற்கு நல்ல வழிகள் உண்டு. சிலியின் அட்டகாமா பாலைவனத்தில் கைவிடப்பட்ட ஹம்பர்ஸ்டன், சாண்டா லாரா வெடியுப்பு ஆலைகள் 2005-இல் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தன. நமீபியாவில் மணல் புகுந்த கோல்மன்ஸ்காப் வைர நகரை அனுமதிச் சீட்டோடு சுற்றிக்காட்டுகிறார்கள். இரண்டிலும் மக்கள் பார்ப்பது தரைமேல் இருப்பதை: கூடங்கள், வீடுகள், இயந்திரங்கள். தொழிலாளியின் வாழ்க்கை அங்கேதான் துலங்குகிறது. கோலாரிலும் அப்படியே. வட ஆர்க்காட்டிலிருந்தும் சேலத்திலிருந்தும் போன தமிழர்கள் மூன்று கிலோமீட்டருக்கும் கீழே இறங்கி வேலை செய்த சுரங்கம் அது. அதன் ஆழத்தை நேரில் கண்டவர்களுக்கு வயதாகிக்கொண்டிருக்கிறது. விளக்கை எடுத்துக்கொண்டு இறங்க நினைப்பவர், ஒலிப்பதிவுக் கருவியோடு அவர்கள் வீட்டுத் திண்ணைக்குப் போனால் பத்து மடங்கு தெரிந்துகொள்வார்.

நம் பக்கத்துக் கல்லூரிகளின் புவியியல், வரலாற்றுத் துறைகள் இந்த இளைஞர்களின் ஆர்வத்தை வேலைக்கு எடுத்துக்கொள்ளலாம். குழி எங்கே இருக்கிறது, யாருடைய நிலம், வேலி உண்டா, தண்ணீர் நிற்கிறதா, எந்த ஆண்டு மூடியது என்று ஊர் ஊராகக் குறித்து மாவட்டக் கனிமவளத் துறையிடம் கொடுக்கலாம். துல்லியமான இடக்குறிப்பை அதிகாரிகளுக்கு மட்டும் தந்து, கதையை எல்லோருக்கும் சொல்லலாம். உள்ளே போயே தீர வேண்டிய இடத்துக்குக் காற்றை அளக்கும் கருவியோடு பயிற்சி பெற்றவர்கள் அனுமதி வாங்கிப் போகட்டும். கைவிட்ட சுரங்கம் கேட்பது சாகசத்தையல்ல, பொறுப்பை. கைவிட்டவர்கள் தட்டிக்கழித்த அந்தப் பொறுப்பைத் தேடிப் போகிறவர்களாவது ஏற்றால்தான் இந்தப் பழக்கத்துக்கு நம் மண்ணில் மதிப்பு உண்டாகும்.