அடிமையும் உருவகமும்

உருவகத்தை இலக்கணம் கூறும் அணிகளுள் ஒன்றாக மட்டும் கொள்வது நமது வழக்கம். ஆயின், ஒரு சமுதாயம் எதை எதற்கு உருவகமாக்குகிறது என்பதில் அதன் வர்க்க உறவுகளும் பதிந்துள்ளன. ஆதிக் கிறிஸ்தவச் சிந்தனை இதற்குத் தக்க சான்றாகும்.

ரோமப் பேரரசின் செல்வம் பெருமளவுக்கு அடிமை உழைப்பில் விளைந்தது. கி. மு. 71இல் ஸ்பார்ட்டக்கஸின் கிளர்ச்சி நசுக்கப்பட்டபோது, கப்புவாவிலிருந்து ரோம் வரை வீதியோரத்தில் 6,000 அடிமைகள் சிலுவையில் அறையப்பட்டனர். அத்தகைய உலகிலேதான், கி. பி. முதலாம் நூற்றாண்டிலே, பவுல் ரோமருக்கு எழுதிய நிருபத்தில் தம்மைக் கிறிஸ்துவின் 'டூலொஸ்' என்று அறிமுகஞ் செய்தார். அக்கிரேக்கச் சொல்லின் பொருள் அடிமை. பழைய தமிழ் வேதாகமமோ 'ஊழியக்காரன்' என்கிறது. விலங்கின் ஓசை அங்கே கேட்பதில்லை. 'மீட்பு' என்பதும் அவ்வாறே. அதன் கிரேக்க மூலம், பணங் கொடுத்துக் கைதியையோ அடிமையையோ விடுவித்தலைக் குறித்த சொல்லாகும்.

கிறிஸ்துவே அடிமைக் கோலம் பூண்டார் என்கிறது பிலிப்பியர் நிருபம். இழிந்தோரென ஒதுக்கப்பட்டோருக்கு அது அளித்த மதிப்பை நாம் சிறிதெனக் கொள்ளலாகாது. ஆனால், கொலோசெயர் நிருபம் அடிமைகளைக் கீழ்ப்படியுமாறு பணிக்கிறது. எசமானர்களுக்கும் பரலோகத்தில் ஓர் எசமானர் உண்டென நினைவூட்டுகிறது. எசமானனை எச்சரிக்கும் அதே உருவகம், எசமானன் என்ற நிலைக்கு வானத்தின் சாயலையும் வழங்கிவிடுகிறது. ஐந்தாம் நூற்றாண்டில் அகஸ்தீன் 'கடவுளின் நகரம்' என்ற நூலில் அடிமைத்தனத்தைப் பாவத்தின் தண்டனையென விளக்கினார்.

இவை யாவும் ஆள்வோரின் சூழ்ச்சியே என்று ஒரு சொல்லில் தள்ளிவிடுவோர் நம்மிடையே உண்டு. அவர்கள் நான்காம் நூற்றாண்டின் நிசா நகரக் கிரகோரியாரை மறந்துவிடுகின்றனர். பிரசங்கி நூலுக்குச் செய்த விளக்கவுரையொன்றில் அவர் அடிமைகளை உடைமையாகக் கொள்வோரை நேரடியாகக் கண்டித்தார். கடவுளின் சாயலான மனிதனுக்கு எவர் விலை கூறவியலும் என்பதே அவர் வினாவின் சாரம். பிறர் சந்தையிலிருந்து வானத்துக்கு ஏற்றிய சொற்களை அவர் மீண்டும் சந்தைக்கே கொண்டுவந்து, விற்பவனையும் வாங்குபவனையும் விசாரித்தார்.

எனினும் அக்குரல் அடிமை முறையை ஒழித்துவிடவில்லை. அதனை ஏந்திச் செல்லும் சமுதாய இயக்கம் அன்று தோன்றவில்லை. சொல் தனித்து நின்று விலங்கை உடைப்பதில்லை; ஆயினும் விலங்கை விலங்கென்று அழைக்கும் சொல்லின்றி எவரும் அதனை உடைக்க முனைவதில்லை. ஆகவே, இந்நிருபங்களைப் பயிலும்போதும் பயிற்றும்போதும், உருவகத்தின் அழகோடு நின்றுவிடாது, அவ்வுருவகத்துக்குத் தன் வாழ்வையே மூலப்பொருளாகத் தந்த பெயரற்ற அடிமையையும் நாம் காணுதல் வேண்டும்.