வேஷத்தின் பெயர், வேஷக்காரனின் பெயர்

ஒரகடத்தில் நான் குடியிருக்கும் தெருவில் பாதிப் பேருக்குப் பெயர் கிடையாது. கழுத்து அட்டையில் எந்தக் கம்பெனியோ அதுதான் பேர். 'டயர் கம்பெனி, சாப்ட்டியாப்பா?' என்கிறார் மெஸ்காரர். கேட்கும்போதெல்லாம் வி.சி. கணேசன் ஞாபகம் வருகிறது.

அண்ணாவின் 'சிவாஜி கண்ட இந்து ராஜ்யம்' நாடகத்தில் 1940களின் நடுவில் கணேசன் மராத்திய மன்னனாக நடித்தார். பார்த்த பெரியார் 'சிவாஜி' என்று பெயர் வைத்தார். வீரம் இருந்தும் சூத்திரன் என்பதால் முடிசூட வைதிகத்தின் தயவுக்குக் காத்துக்கிடந்த மன்னனின் கதை அது. நாடகத்தின் விமர்சனம் உதிர்ந்துபோய்ப் பாத்திரத்தின் பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டது. 1950களில் அவர் திருப்பதி போனபோது கழகத்தார் 'கணேசா' என்று விளித்துத்தான் கேலி பேசினார்கள். கொடுத்த பெயரைக் கழற்றி வாங்கிக்கொண்டது மாதிரி.

பாத்திரம் நடிகனை விழுங்கிவிட்டது என்று சொல்லி முடித்துக்கொள்வது நம் விமர்சன வழக்கம். எனக்கு அதில் உடன்பாடில்லை. எம்.ஜி.ஆர். பற்றி எம்.எஸ்.எஸ். பாண்டியன் 1992இல் எழுதிய நூலுக்குப் பிறகு எல்லா நட்சத்திரப் பிம்பத்தையும் ஒரே அச்சில் வாசிக்கிறோம். எம்.ஜி.ஆர். எந்த வேஷத்திலும் ஒரே ஆள். சிவாஜியோ 1959இல் கட்டபொம்மன், 1964இல் 'நவராத்திரி'யில் ஒன்பது ஆள். இது நடிப்புதான் என்று படத்துக்குப் படம் தானே காட்டிக்கொடுத்தார். சொந்தக் கட்சி கண்டு 1989இல் திருவையாற்றில் நின்று தோற்றார். கூட்டணிக் கணக்கும் காரணம்தான், மறுக்கவில்லை. ஆனால் தியேட்டரில் அழுத ஜனத்துக்கு வேஷம் வேறு, ஓட்டு வேறு என்று தெரிந்திருந்தது. அதை ரசனைக் குறைவு என்பவர்கள் மக்களை அறியாதவர்கள்.

இன்று 'சிவாஜி' என்றால் தமிழனுக்கு முதலில் வருவது மராத்திய மன்னனல்ல, கணேசன். வேஷத்தின் பெயரை உழைப்பு கைப்பற்றிக்கொண்டது.

சுங்குவார்சத்திரத்தில் 2024 செப்டம்பரில் தொடங்கி ஒரு மாதத்துக்கு மேல் நடந்த வேலைநிறுத்தத்தையும் இப்படித்தான் படிக்கிறேன். தொழிலாளர்கள் 'சாம்சங்' என்ற பெயரைச் சங்கத்துக்கு வைத்தார்கள். அது எங்கள் பெயர் என்றது நிர்வாகம். நீதிமன்றம்வரை போய், 2025 ஜனவரியில்தான் சங்கம் பதிவானது. அட்டையில் நீ மாட்டினால் அது அடையாளம், அதையே நான் சங்கப் பலகையில் எழுதினால் திருட்டா? பெயரைச் சுமக்கிறவனுக்கு அதில் பாத்தியதை உண்டா என்பதே கேள்வி.

நேற்று மெஸ்காரரிடம் அந்தப் பையனின் சொந்தப் பேரைக் கேட்டேன். 'தெரியலீங்களே' என்றார். இரண்டு வருஷமாகப் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிடுகிறேன். எனக்கும் தெரியவில்லை.