ஓசூர்க் குளிரும் நுவரெலியாக் குளிரும்

தை மாதத்தில் இலங்கையின் ஹட்டன் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்திலிருந்து ஓசூருக்கு வந்த உறவுக்கார அக்கா, எங்கள் தெருப் பிள்ளைகளின் குல்லாவையும் ஸ்வெட்டரையும் பார்த்துவிட்டு, "இதெல்லாம் ஒரு குளிரா? பிள்ளைய இப்பிடியா மூட்டை கட்டி வைப்பீங்க?" என்றார். அதோடு விடவில்லை. "எங்களுக்குத் தோட்டத்துல பிள்ளைங்கள விட்டுட்டுப் போகப் பிள்ளைக் காம்பரா இருக்கு. இங்க கம்பெனிக்குப் போற பொம்பளைங்க பிள்ளைய யார்கிட்ட விடுவாங்க?"

முதல் கேள்விக்கு என்னிடம் பதில் உண்டு. நுவரெலியா 1,868 மீட்டர் உயரம். ஜனவரி, பிப்ரவரியில் உறைபனி விழுந்து தேயிலை கருகுவதுண்டு. ஓசூர் ஏறத்தாழ 900 மீட்டர்தான். ஆனால் கைக்குழந்தைக்கு எங்கள் மார்கழி விடியலே போதும். பெரியவர்களைப்போல நடுங்கிச் சூடேற்றிக்கொள்ளப் பச்சைக்குழந்தைக்குத் தெரியாது. உடம்பிலுள்ள பழுப்புக் கொழுப்பை எரித்துத்தான் அது சூடு காக்கிறது. தலையோ உடம்பின் அளவுக்குப் பெரிது. சூடு அதன் வழியே வெளியேறுகிறது. எங்கள் ஊர்ப் பிள்ளைகளின் குல்லா வீண் பயத்தால் வந்ததில்லை.

எங்கள் அவ்வாக்களைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். தமிழ், தெலுங்கு, கன்னடம் எது பேசும் வீடானாலும் இங்கே பல வீடுகளில் பாட்டி அவ்வாதான். குளிர் இறங்கினால் குழந்தையைத் தொட்டிலில் தனியே விடமாட்டாள். மார்போடு அணைத்துத் தன் சேலையாலேயே சுற்றிக்கொள்வாள். 1978-ல் கொலம்பியாவின் பொகோட்டா மருத்துவமனையில் எடை குறைந்த குழந்தைகளுக்காகத் தொடங்கிய 'கங்காரு பராமரிப்பு' இன்று உலகமெங்கும் நடக்கிறது. தாயின் தோலோடு குழந்தையை ஒட்டவைப்பதுதான் அந்த முறை. எங்கள் அவ்வாக்களின் கைகளுக்கு அது புதிதல்ல. ஆறு மாதம் கடந்த பிள்ளைக்கு முளைகட்டிய ராகிக் கஞ்சி. 100 கிராம் ராகியில் 300 மில்லிகிராமுக்கு மேல் கால்சியம் உண்டு. அந்த ராகி எங்கள் மண்ணிலேயே விளைகிறது. அவ்வாக்கள் போடும் சாம்பிராணிப் புகை மட்டும் வேண்டாம் என்று டாக்டர்கள் சொல்கிறார்கள், அது சரிதான். ஆனால் அக்காவின் தோட்டத்தில், அடுப்புப் புகை தேங்கும் வரிசை வீடான லயத்துக் காம்பராவிலும் பிள்ளைகள் இருமத்தான் செய்கிறார்கள்.

தோட்டத்தில் பிள்ளை பார்க்கும் நடைமுறையை அக்காவிடமும், 1964 சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி திரும்பி வந்த பெரியவர்களிடமும் கேட்டறிந்தேன். பெரட்டுக்கு (காலை ஆள் கணக்கெடுப்புக்கு)ப் போகும் தாய், விடியலிலேயே பிள்ளையைப் பிள்ளைக் காம்பராவில் விடுவாள். இடையில் வந்து பால் கொடுத்துவிட்டு மலையேறுவாள். முன்பு கொழுந்து பறிக்க முடியாத வயதான பெண் ஒருத்தி பார்த்துக்கொண்டாள். இப்போது பயிற்சி பெற்றவர்கள் இருக்கிறார்கள். இங்கே அங்கன்வாடியில் சத்துமாவு, அங்கே 1973 முதல் திரிபோஷ. நல்ல ஏற்பாடுதான். ஆனாலும் பிள்ளைக் காம்பரா தொடங்கியது பிள்ளையின் சளிக்காக அல்ல, தாயின் கை சீக்கிரம் தேயிலைச் செடிக்குத் திரும்ப வேண்டும் என்பதற்காக என்றே எனக்குத் தோன்றுகிறது. குளிர் தாங்கக் கொடுத்த கறுப்புக் கம்பளியின் விலையைக்கூடக் கூலியில் பிடித்துக்கொண்டார்கள் என்பார்கள் அந்தப் பெரியவர்கள். ஓசூர் அன்று சேலம் ஜில்லாவில் இருந்தது. அந்தத் தோட்டங்களுக்குக் கப்பலேறியவர்களில் சேலம் ஜில்லாக்காரர்களும் உண்டு. அவர்களும் அவ்வாவின் பழக்கங்களோடுதானே அந்த மலை ஏறியிருப்பார்கள்?

அக்காவின் இரண்டாவது கேள்விதான் கடினமானது. 30 பெண்களுக்கு மேல் வேலை செய்யும் தொழிற்சாலையில் குழந்தைக் காப்பகம் வேண்டும் என்றது 1948-ன் தொழிற்சாலைச் சட்டத்தின் 1976 திருத்தம். 50 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் வேண்டும் என்றது 2017-ன் மகப்பேறு சட்டத் திருத்தம். சட்டம் ஒரு பக்கம் இருக்கட்டும். சிப்காட் தொழிற்பேட்டையைச் சுற்றி ஒடிசாவிலிருந்தும் ஜார்க்கண்டிலிருந்தும் வந்து ஷீட் போட்ட ஒற்றை அறையில் குடியிருக்கும் இளம் தாய்மாருக்கு இங்கே அவ்வா கிடையாது. அங்கன்வாடி திறப்பது வெயில் ஏறிய பிறகு. முதல் ஷிஃப்ட் பஸ்ஸோ இருட்டிலேயே வந்து நிற்கும். எங்கள் தெருவில் பக்கத்து வீட்டு அவ்வாக்கள், பாஷை தெரியாத அந்தப் பிள்ளைகளை அந்த நேரத்தில் வாங்கிக்கொண்டு தங்கள் பேரப்பிள்ளைகளோடு படுக்கவைக்கிறார்கள். இதை அக்காவிடம் பெருமையாகச் சொன்னேன். எல்லாத் தெருவிலும் இப்படி நடக்கிறதா என்று கேட்டார். நடக்கவில்லை. அப்படி நடக்காத தெருக்களுக்காகவாவது விடிகாலை ஐந்து மணிக்குத் திறக்கும், கதகதப்பான ஒரு காப்பகம் சிப்காட்டின் ஒவ்வொரு பகுதியிலும் வேண்டும்.