பாடம் தேடும் அவசரம்

யூத வேதமான தோராவின் வார வாசிப்பிலிருந்து அன்றாட வாழ்க்கைக்கு ஒரு பாடம் பிழிந்தெடுத்துச் சொல்லும் வழக்கத்தை ஆதரிப்பவர்கள் ஒரே வாதத்தைத்தான் திரும்பத் திரும்ப வைக்கிறார்கள். வேதம் இன்றைய மனிதனின் குடும்பத்துக்கும் தொழிலுக்கும் மனக்கவலைக்கும் ஏதாவது சொல்ல வேண்டும், சொல்லாவிட்டால் அது செத்த நூல் என்கிறார்கள். நியாயமாகத் தொனிக்கும் இந்த வாதத்தை என்னால் ஏற்க முடியவில்லை.

வழக்கத்தின் நன்மைகள் தெரிந்தவைதாம். 54 பகுதிகளாகத் தோராவின் ஐந்து நூல்களும் ஓராண்டுக்குள் வாசித்து முடிக்கப்படுகின்றன. ரபிகளின் படிப்பறைக்குள் இருந்த பேச்சு ஓய்வுநாள் சாப்பாட்டு மேசைக்கு வந்திருக்கிறது. ரபி ஜொனதன் சாக்ஸ் போன்றவர்களின் வாரக் கட்டுரைகளில் உழைப்பும் ஆழமும் உண்டு.

ஆனால் முறைவாசிப்பின் பெரும்பலம் வேறு. அங்கே வாசகருக்குத் தேர்வுரிமை கிடையாது. பிடித்தாலும் பிடிக்காவிட்டாலும் அந்த வாரப் பகுதி வந்தே தீரும். பாடம் தேடும் பழக்கம் இந்தப் பலத்தின் வேரையே அறுக்கிறது.

மத்தோத் பகுதியை எடுத்துக்கொள்வோம். எண்ணாகமம் 30ஆம் அதிகாரத்தில், பொருத்தனை பற்றிய சட்டத்தோடு அது தொடங்குகிறது. ‘சொன்ன சொல்லைக் காப்பாற்று’ என்ற பாடம் உடனே கைக்கு வந்துவிடுகிறது. உரையும் அதோடு நிறைவடைகிறது. அடுத்த அதிகாரத்தில் மீதியானியர்மேல் படையெடுப்பு. பெண்களை உயிரோடு விட்டதற்காக மோசே கோபப்படுகிறார். ஆண் குழந்தைகளையும் ஆணை அறிந்த பெண்களையும் கொல்லச் சொல்கிறார். பிறகு கொள்ளைப்பொருள் கணக்கு வருகிறது: 6,75,000 ஆடுகள், 72,000 மாடுகள், 61,000 கழுதைகள். அதே பட்டியலின் கடைசியில் 32,000 கன்னிப்பெண்கள். இந்த வரிகள் சபை நடுவே உரக்க வாசிக்கப்படுகின்றன. வாசித்து முடித்ததும் வாக்குறுதியின் மேன்மை பற்றிப் பேசுவது எந்த வகை வாசிப்பு? கண்ணெதிரே கிடக்கும் சடலத்தைச் சுற்றிக்கொண்டு போவதை விளக்கவுரை என்று அழைக்க என்னால் இயலாது.

லேவியராகமத்தின் தோல்நோய்ப் பகுதிக்கும் இதுதான் நேர்கிறது. மோசேயைக் குறைகூறித் தோல்நோய்க்கு ஆளான மிரியாமின் கதையை வைத்து அந்த நோயைப் புறங்கூறலுக்கான தண்டனையாக ரபிகள் கண்டார்கள். இன்று அது ‘வதந்தி பரப்பாதே’ என்ற அறிவுரையாகச் சுருங்கிவிட்டது. பாளயத்துக்கு வெளியே தனியே உட்காரவைக்கப்பட்ட நோயாளி அந்த அறிவுரையில் எங்கே? அவர்மேல் பழியும் சேர்ந்ததுதான் மிச்சம்.

பாடம் சொல்வதே ரபிகளின் மரபு என்று பதில் வரும். மரபு அதோடு நிற்கவில்லை. பணிப்பெண் ஆகாரைச் சாராள் ஒடுக்கியது பாவம், அதைத் தடுக்காத ஆபிரகாமும் பாவம் செய்தார் என்று 13ஆம் நூற்றாண்டில் உரையாசிரியர் ராம்பான் துணிந்து எழுதினார். அடங்காத மகனைக் கல்லெறிந்து கொல்லும் சட்டத்தை எதிர்கொண்ட தல்மூத் என்ற ரபிகளின் விவாதத் தொகுப்பு, பெற்றோர் இருவரும் குரலிலும் தோற்றத்திலும் உயரத்திலும் ஒத்திருக்க வேண்டும் என்ற நிபந்தனைவரை போனது. அப்படி ஒரு மகன் இருந்ததுமில்லை, இருக்கப்போவதுமில்லை என்றும் அதில் ஒரு கருத்து பதிவாகியிருக்கிறது. அந்தச் சட்டம் அவர்களை உறுத்தியது. உறுத்தலை அவர்கள் மறைக்கவில்லை.

நம் காலத்துக்கு அருகிலேயே வேத ஆசிரியை நெஹாமா லெய்போவிட்ஸ் வேறு வழி காட்டினார். 1942 முதல் ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் வார வாசிப்புக்காக அவர் அனுப்பிய தாள்களில் இருந்தவை கேள்விகள். உரையாசிரியர் ராஷிக்கு இந்த இடத்தில் என்ன இடறியது என்று கேட்பார். வந்த விடைகளைத் தாமே சிவப்பு மையில் திருத்தி அனுப்புவார். இல்லத்தரசிகளும் படைவீரர்களும் அந்தக் கேள்விகளுக்கு விடை எழுதினார்கள். எளிய மனிதர்களுக்குக் கடினமான வாசிப்பு ஒத்துவராது என்ற சமாதானம் அங்கேயே உடைந்துபோகிறது.

வாக்குத் தவறாதே, புறம் பேசாதே என்பவற்றை எந்த வீட்டிலும் பெரியவர்கள் சொல்லித்தருவார்கள்; அதற்கு வேதம் வேண்டியதில்லை. மத்தோத் வாரத்தில் பேச எழுபவர் அந்த 32,000 பெண்களைப் பற்றிப் பேசட்டும். விடை இல்லையென்றால் இல்லையென்று சபையில் சொல்லட்டும். அந்த நேர்மையைத் தாங்க முடியாத பக்தி, நூலின்மேல் வைத்த பக்தியே அல்ல.